நாலு வளையலும் ஒரு ஆபரேஷனும்

— இழு உத்தமா, இழு! அண்ணி கைன்னு பாக்காத, உன் ஆட்டோ லீவர்னு நெனச்சிக்க. நான் இந்தாண்ட புடிச்சிக்கிறேன்.

— ஐயோ மாதாவே! என்னங்க, உங்க ஆபரேஷனுக்கு என் வளையல அடகு வைக்கப் போறீங்களா, இல்ல கையவே வைக்கப் போறீங்களா?

— வளையல்தான் ஞானம். கையோட போனா சேட்டு எடுத்துக்க மாட்டாரு.

— அண்ணாத்தே, சோப்பு போட்டாச்சு, ஐஸு வச்சாச்சு, தேங்கா எண்ணெயும் ஊத்தியாச்சு. இன்னும் கொஞ்சம் உப்பு, மொளகாத்தூள் போட்டா அண்ணி கைய பொரிச்சே எடுத்துடலாம்.

— கீழ் ஊட்டுக்காரனாச்சேன்னு உதவிக்குக் கூப்பிட்டா, என் பொண்டாட்டிய பொரிக்கிறேன்றியேடா!

— கல்யாணத்துல எங்கப்பா போட்டது உத்தமா. அப்ப என் கை முருங்கக்கா மாதிரி இருக்கும். இவர்கூட உக்காந்து சாப்ட்டு சாப்ட்டு சேனக்கிழங்கா ஆயிட்டேன். ஏறின வளையல் எறங்கவே மாட்டேங்குது.

— பாத்தியா, அதுக்கும் நான்தான் காரணம்!

— அண்ணாத்தே, நெஜமாவே ஆபரேஷன் வேணுமா? செம்பரம்பாக்கம் ஏரிக்கரைல தெனம் நடந்தா எடை கொறையாதா?

— நடந்தனே. ஒரு மாசம் நடந்தேன். போற வழில மீன் வறுத்து விக்கிறான். ரெண்டு கிலோ ஏறிட்டேன்.

— இன்சூரன்ஸ்காரன் இன்னா சொன்னான்?

— எடை கொறைக்கிறது உன் ஆசைக்கு, அதுக்கெல்லாம் பணம் தர மாட்டோம்னுட்டான். ஸ்கூல் வேன் ஓட்றவனுக்கு இன்னாடா ஆசை? ஸ்டீயரிங்க ஒடிச்சா வயிறு போயி ஹாரன அமுக்குது. நசரத்பேட்டைலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் அடிச்சிகினே போறேன். பசங்க எனக்கு 'பாம் பாம் அங்கிள்'னு பேரே வச்சிடுச்சிங்க.

— ஓ, அதான் நீ வந்தா தெருவே ஒதுங்குதா! நான் மரியாதன்னு நெனச்சேன்.

— சிரிக்காதடா. போன வாரம் சிக்னல்ல வண்டிய நிறுத்திட்டு அப்படியே தூங்கிட்டேன். 'அங்கிள், பச்ச விழுந்துடுச்சு, பச்ச விழுந்துடுச்சு'ன்னு பசங்க கத்தி எழுப்பிச்சிங்க. வண்டி ஓடிகினு இருக்கும்போது தூங்கியிருந்தா?

— ராத்திரி தூக்கத்துல இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது உத்தமா. அதனாலதான் பகல்ல கண்ணு சொக்குதாம். வயித்த சின்னதாக்கினாதான் எடை கொறையும், மூச்சும் ஒழுங்கா வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— வேன் ஓனரும் சொல்லிட்டாரு. ஆபரேஷன் பண்ணிகினு வா, இல்லன்னா சாவிய குடுத்துட்டுப் போயிடுன்னு. காலைல ஆஸ்பத்திரில பணம் கட்டணும். சேட்டு இப்ப ஷட்டர எறக்கிடுவாரு. இழுடா!

— இழுத்துகினுதானே கீறேன்! கட்டவெரல் கிட்ட வந்து அப்படியே நின்னுடுது. அண்ணி, கைய கொஞ்சம் லூசா வுடு.

— லூசாதான்டா வச்சிருக்கேன்!

— இது ஆவறதில்ல. இரு, ஆட்டோலேர்ந்து கட்டிங் பிளேயர் எட்த்தாறேன். ஒரே கடி, வளையல் ரெண்டு துண்டு. துண்டானா இன்னா, தங்கம் தங்கந்தானே.

— டேய், அதெல்லாம் வாணாம்! கைல கீறிச்சின்னா? ரத்தம் வந்துச்சின்னா? அவ தாங்க மாட்டாடா. ஞானம், நீ பயப்படாத. இவன உன் கிட்டவே வர வுட மாட்டேன்.

— என்னங்க.

— இன்னா ஞானம்?

— என் கைல ஒரு கீறல் விழுந்துடுமோன்னு இப்படிப் பதறறீங்களே. நாளைக்கி உங்க வயித்துல முக்கால்வாசிய அறுத்து எடுத்துடுவாங்களாம். அத மட்டும் நான் தாங்கிக்குவேனா?

— அண்ணி, அழுவாத அண்ணி.

— அழுதது போதும். தள்ளு உத்தமா. அந்தத் தட்ட எடுத்து இப்படி வை.

— இன்னாத்துக்கு தட்டு? ஐயய்யோ! அண்ணி! ஒண்ணு, ரெண்டு... நாலும் வந்துடுச்சே! மந்திரம் கிந்திரம் போட்டியா?

— ஒரு மந்திரமும் இல்ல. சப்பாத்திக்கு மாவு பெசையறப்பல்லாம் கழட்டி ஜன்னல்ல வச்சிட்டுதான் பெசையறேன். இவர் ஒரு நாளாவது சமையக்கட்டுக்குள்ள எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

— அப்ப இவ்ளோ நேரம் நாங்க பட்ட பாடு?

— கட்டவெரல வெறப்பா நீட்டி வச்சிருந்தேன்டா. வளையல் வரலன்னா காசு இல்ல. காசு இல்லன்னா இவர் மேல கத்தி படாதுன்னு நெனச்சேன். எனக்கு வேற வழி தெரியல.

— அப்பறம் ஏன் அண்ணி கழட்டின?

— ராத்திரி இவருக்கு மூச்சு நிக்கும்போதெல்லாம் நான்தான் உலுக்கி எழுப்பறேன். ஒரு நாள் நான் அசந்து தூங்கிட்டா என்ன ஆவும்? எழுந்திருங்க, சட்டைய மாட்டுங்க. கடை மூடறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்.

— எழுந்திரு அண்ணாத்தே, நான் வண்டிய எடுக்கறேன். ஆனா எனுக்கு ஒரு டவுட்டு. ரெண்டு ஆம்பளைங்க சேந்து இழுத்தும் ஒரு கட்டவெரல ஜெயிக்க முடியலியே, அது எப்படி?

— ரெண்டு ஆம்பளைங்க எங்கடா இழுத்தோம்? நீ இழுக்கறப்பல்லாம் நான் இந்தாண்டேர்ந்து வளையல திரும்ப முழங்கைப் பக்கமா தள்ளிகினு இருந்தேன். எனுக்கும் பயமா கீதுடா.