விழத் தெரியாதவனும் விழுந்து பழகியவனும்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, ஆட்டம் முடிந்து திரை இறங்கியதும், நம் பொம்மலாட்ட ஆசான் தோன் நூன்ஸியோ பத்தானே மாரடைப்பால் இறந்துபோனார். கையிலிருந்த பொம்மையை முதலில் கொக்கியில் மாட்டினார், பிறகுதான் சாய்ந்தார்.

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! மீனவர் சங்கத் தலைவர் அவர்களே! ஆசானின் மகள் வெனேரா, மகன் ஓராஸியோ! கதானியாத் துறைமுகத்தின் வலது பெஞ்சுக்காரர்களே, இடது பெஞ்சுக்காரர்களே! இந்தக் கொட்டகையில் கூடை தூக்கி வறுகடலையும் பூசணி விதையும் விற்றுத் தொடங்கி, இன்று இதே கொட்டகைக்குச் சொந்தக்காரனாகிவிட்ட சாரோ பேசுகிறேன். எனக்கு இலக்கியம் தெரியாது. வியாபாரம் தெரியும்.

நாம் யாரைப் பார்க்க வந்தோம்? வாள் படாத கவசம் பூண்ட பொம்மை மாவீரன் ரோக்காமொந்தேயையா? குதிரைகூட இல்லாமல் ஊருக்கு ஊர் அடி வாங்கும் பெலீனோவையா? வலது பெஞ்சு பெரியவனுக்கு, இடது பெஞ்சு சின்னவனுக்கு என்று இங்கே எத்தனை தொப்பிகள் பறந்தன! எத்தனை சம்பந்தங்கள் முறிந்தன!

நானே ஒருமுறை ஆசானிடம் சண்டைக்குப் போனேன். "என்னய்யா தோன் நூன்ஸியோ, ஒரு மாசமா பெலீனோ உதை வாங்கிட்டே இருக்கான்! அவன் மாட்டிக்கிட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கறதில்ல. என் விதை எப்படி விக்கும்? பெரியவன எறக்கும்!"

அவர் சிரித்தார். "பெரியவன் வந்தா இன்னைக்கு விதை விக்கும் சாரோ. சின்னவன் மாட்டிக்கிட்டா நாளைக்கு டிக்கெட் விக்கும். உனக்கு எது வேணும்?"

"ரெண்டும் வேணும்."

"அதனாலதான் ரெண்டு பேரையும் வச்சிருக்கேன். போ, போய் விதைய வறு!"

எவ்வளவு பெரிய வியாபாரி பாருங்கள்! ஆனால் அதற்கும் மேலே ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரோக்காமொந்தேயை மேலிருந்து தாங்கும் தலைக்கம்பி முறிந்த நாள் நினைவிருக்கிறதா? எப்படி மறக்கும்! முப்பது கிலோ பித்தளையும் மரமும் தடாலென்று மல்லாந்து விழுந்தன. பலெர்மோக்காரர்களின் பொம்மைக்கு முழங்கால் மடங்கும், கண்டவனுக்கெல்லாம் மண்டியிடும். நம் பொம்மைக்கு அந்த வழக்கம் இல்லை! விறைத்த காலோடு அப்படியே கிடந்தான் மாவீரன்.

இடது பெஞ்சு சிரித்திருக்க வேண்டாமா? இல்லையே! அவனை நோக்கிச் செருப்பு வீசியவர்களே முதலில் எழுந்தார்கள். "டேய், நம்மாளு விழுந்துட்டான்டா! தூக்குங்கடா!" என்று மீன்பிடிக்கிறவர்கள் மேடையில் ஏறினார்கள். நம்மாள்! அன்றுவரை அவனை அப்படி அவர்கள் அழைத்ததுண்டா?

மேலே, பொம்மையாட்டும் பலகைப் பாலத்தில் நின்ற தோன் நூன்ஸியோ அசரவில்லை. பெலீனோவை இறக்கினார். ரோக்காமொந்தேயின் குரலில், எந்தக் கதையிலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "எனக்கு விழுந்து பழக்கமில்லையே தம்பி. எப்படி எழுந்திருக்கறது?"

பெலீனோவின் குரலில் பதில் வந்தது: "எனக்கு அதுதானண்ணே தொழிலு! கையக் குடு!"

ஐயா, கூரை பறந்தது! வலதும் இடதும் கட்டிப்பிடித்துக்கொண்டன! எல்லாம் வல்லவன் ஒருநாள் விழ வேண்டும். விழுந்தே கிடப்பவன் ஒருநாள் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் இருவருமே நம்மவர்கள். இதை நமக்குக் காட்டியவர் நம் நூன்ஸியோ!

இப்போது பெலீனோ இருட்டுச் சிறையில் கிடக்கிறான். கதையை அங்கே நிறுத்திவிட்டு ஆசான் போய்விட்டார். நேற்று மிலானோவிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். பளபளக்கும் ரோக்காமொந்தே மட்டும் வேண்டுமாம், மற்றவை விறகாம்! சாவு வீட்டு மேசையிலேயே பிள்ளைகள் இருவருக்கும் வாக்குவாதம். ஒளிக்காமல் சொல்கிறேன், ஊரே கேட்டதுதானே!

"வித்துடுவோம் அக்கா. நீ ஓரமா நின்னு ராணிகளுக்குக் குரல் குடுத்தவ. முப்பது கிலோவ நீ தூக்குவியா?" என்றான் ஓராஸியோ.

"பெலீனோவ நான் தூக்கறேன். பெரியவன நீ தூக்கு. துறைமுகத்துல எவனெவன் மூட்டையோ தூக்கறியே, அப்பாவோட பொம்மை மட்டும் கனக்குதா?" என்றாள் வெனேரா.

 தம்பி எழுந்து கொட்டகைக்குப் போய்க் கொக்கியிலிருந்து ரோக்காமொந்தேயை இறக்கினான். தோளில் போட்டுப் பார்த்தான். "பாவம், கனமாத்தான் இருக்கான்" என்றான். அவ்வளவுதான்! நான் அந்த மிலானோக்காரரை ரயிலேற்றிவிட்டு வந்து பேரத்தில் உட்கார்ந்தேன்.

தோன் நூன்ஸியோ! நீர் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்கிறோம்! பேசி முடித்ததை எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கிறேன். பொம்மைகளைப் பிரித்து விற்கக் கூடாது. கொட்டகை பத்து வருடத்துக்கு வெனேராவின் பெயரில். முதல் வருடம் வாடகை இல்லை. வசூலில் இரண்டு பங்கு கதையும் குரலும் தரும் அக்காவுக்கு, ஒரு பங்கு தம்பிக்கு. உள்ளே விதை விற்கும் உரிமை எனக்கு மட்டும். சனிக்கிழமை சிறைக் கதவு திறக்கிறது. டிக்கெட் எண்பது லீரா. அழுகிறவர்களுக்கும் அதே விலைதான்.