தாத்தா சொன்ன தேதி

வேணாம்க்கா, ஜன்னலைச் சாத்தாதீங்க. எனக்குக் குளிரல. காய்ச்சலா? அப்படித்தான் ஹெட்மாஸ்டரம்மாகிட்ட சொல்லிட்டு இலோயிலோ டவுனுக்குப் போற இந்த பஸ்ல ஏறினேன். நீங்க தொட்டுப் பாருங்க, நெத்தி சில்லுனு இருக்கும்.

ஆமா, வாத்தியார்தான். ஆத்தோரமா இருக்கே ஹைஸ்கூல், அதுல இங்கிலீஷ். ஜூன்லதான் மாத்தலாகி வந்தேன். இன்னிக்கு என் வகுப்புல விசேஷம். புள்ளைங்க ஆளுக்கொருத்தரோட வாழ்க்கைக் கதைய எழுதியிருக்குங்க, அத வாசிக்கப் போறாங்க. யாரப் பத்தி எழுதினாங்களோ அவங்களே வந்து முன் பெஞ்சுல உக்காருவாங்க. எல்லாம் என் ஏற்பாடு. ஏற்பாடு பண்ணினவன் இங்க உங்க கோழிக்கூடைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். இருக்கட்டும்க்கா, கனக்கல.

மொதல்ல பாதிப் பேரு குத்துச்சண்டைக்காரன், மீதிப் பேரு சினிமாக்காரின்னு எழுதிட்டு வந்தாங்க. அதான் போன்லயே கெடக்கே, அதுக்கு நீ எதுக்குடான்னு திட்டினேன். கதவத் தட்டினா தொறக்கிற ஆளா பாத்து எழுதுங்க, கேட்டத மட்டும் எழுதுங்க, இட்டுக்கட்டாதீங்கன்னேன். வகுப்புல வாய் கிழியப் பேசுவேன்க்கா.

ரொவேனான்னு ஒரு துறுதுறு பொண்ணு. அவ டாடிங்னு ஒரு தாத்தாவப் பத்தி எழுதினா. ஆத்துக்கு அந்தாண்ட தென்னந்தோப்புல கள்ளெறக்குறவரு. உங்களுக்கும் தெரியுமா? அவரேதான், இடுப்பு சாஞ்சு நடப்பாரே. மரத்துலேர்ந்து விழுந்தப்பகூட கள்ளுக் குடுவைய நெஞ்சோட புடிச்சிருந்தாராம். தூக்க ஓடியாந்தவங்கள, டேய், என்னை அப்பறம் தூக்கலாம், மொதல்ல இத வாங்குங்கடான்னாராம். படிச்சிட்டுத் தனியா சிரிச்சேன். அப்பிடியே அவரு குரலு.

கடைசியில ஒரு வரி. பொண்டாட்டி இல்ல, ஒரே மகன், அவனும் செத்துட்டான்னு.

நான் என்ன பண்ணணும்? பேசாம மார்க் போட்டிருக்கணும். பக்கத்துல எழுதினேன்: மகன் எப்ப இறந்தாரு? கேட்டு எழுதவும். வாத்தியார் புத்தின்னு சொல்லிக்கலாம். இல்லக்கா. எனக்குத் தெரியணும், அதுக்கு ஒரு பச்சப்புள்ளைய அனுப்பினேன்.

மறுநாள் ஓடி வந்தா. சார், தாத்தா கள்ளு வடிகட்டிக்கிட்டே இருந்தாரு, அப்பறம் உங்க வாத்தியாரு பேரு என்னன்னாரு. முழுப் பேரு சொல்லுன்னாரு. சொன்னேன் சார். குடுவையக் கீழ வச்சிட்டு தேதிய டக்குனு சொல்லிட்டாரு. வாசிக்கிற அன்னிக்கு அவரும் வர்றாராம் சார், சட்டைக்குக் கஞ்சி போடணும்னாரு. அப்பிடின்னு ஒரே குதி.

இந்நேரம் வந்து உக்காந்திருப்பாரு. இங்கிலீஷ் ஒரு வார்த்த புரியாது, பாவம். ரொவேனா நம்ம பேச்சுலயும் சொல்றேன்னிருக்கா.

எனக்கு எந்த ஊரா? நான் இந்த ஊர்தான்னு யாருக்கும் தெரியாதுக்கா. பத்து வயசுல மாமா மணிலாவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வச்சாரு, அவரு பேரத்தான் பின்னாடி போட்டுக்கிட்டேன். ஜூன்லேர்ந்து அந்தப் பாலத்துல எத்தன தடவ போயிருப்பேன், தோப்பு வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

மகன் செத்ததா அவரு சொன்ன தேதியா? எட்டு வருஷம் முந்தி, மே மாசம், சிலுவைத் திருநா ஊர்வலம் முடிஞ்ச மறுநாள். அன்னிக்குத்தான் எங்கம்மாவ அடக்கம் பண்ணினாங்க. மணிலாவுல எனக்கு வேலைக்கு இன்டர்வியூ இருந்திச்சு, நான் வரல.

எங்கப்பா ஒரு நாளுகூட மாத்திச் சொல்லலக்கா. ரொவேனா நோட்டுல சரின்னு டிக் போட்டுட்டேன்.