கரும்புக் கொல்லையிலிருந்து வரிசைக்கு

ஓடுகிறேன். கரும்புத் தோகை முகத்தைக் கிழிக்கிறது. பின்னால் கல் விழுகிறது. முதலில் தகரத்தில். பிறகு மண்ணில். பிறகு ஒரு கல். சத்தமே இல்லை. ஆள்மேல் விழுந்த கல் அது.

"அக்கா, நிக்காத! உள்ள பூந்துடு! ஜல்தி!"

கத்தியவள் செல்வி. என் கொழுந்தன் மனைவி. எங்கள் வேட்பாளர்.

காலை ஒன்பதே கால். வளவனூருக்குத் தெற்கே எங்கள் ஊர். பஞ்சாயத்துத் தலைவர் பதவியை அந்த முறை பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஊர்த்தெருப் பெரிய மனிதர்கள், தங்கள் சொல்லுக்குத் தலையாட்டுகிற ஒருத்தியை நிறுத்தினார்கள். காலனியில் நாங்கள் செல்வியை நிறுத்தினோம். மல்லாட்டைச் செடியில் கடலை ஆயப் போகிற கூலிக்காரி. பிளஸ் டூ படித்தவள். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி மூன்று முறை வந்தார்கள். "குடுத்தது குடுத்ததுதாங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

வாக்குச்சாவடி ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். வரிசையில் நின்றோம். எதிர்வீட்டு மாடியிலிருந்து முதல் கல் வந்தது. காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களும் ஓடினார்கள்.

கொல்லைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தேன். செல்வி வரப்பில் கிடந்தாள். காதிலிருந்து ரத்தம். கிழக்கே புகை. எங்கள் தெரு. கூரை மூங்கில் ஒவ்வொன்றாக வெடித்தது.

கொழுந்தன் அவளை ஆட்டோவில் ஏற்றினான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு. கண் திறந்திருந்தாள்.

"ஓட்டு போட்டியாக்கா?"

இல்லை என்று தலையசைத்தேன். ஆட்டோ போய்விட்டது. எனக்குப் பயம். பயத்தைவிட வெட்கம்.

மூன்று மணிக்குக் கொல்லையை விட்டு வெளியே வந்தோம். அறுபத்து மூன்று பேர். தலைக் காயத்தில் துண்டு கட்டியவர்கள், நொண்டியவர்கள். விழுப்புரத்திலிருந்து போலீஸ் வேன் வந்திருந்தது. ஊர்த்தெரு நடுவே நடந்தோம். யாரும் தலைகுனியவில்லை. சாவடி அதிகாரி வாசலுக்கு வந்தார்.

"இன்னும் பேஜாராத்தான் இருக்குது. வீட்டுக்குப் போயிடுங்கம்மா."

"வீடு எரிஞ்சி பூடுச்சி சார். ஓட்டுப் போட்டுட்டுப் போறோம்" என்றேன்.

வழிவிட்டார். கடைசி ஆள் போட்டு முடிக்க ஐந்து மணி.

மூன்றாம் நாள் காலை செல்வி இறந்தாள். எண்ணியபோது அவள்தான் ஜெயித்திருந்தாள். செத்தவளுக்குப் பதவி இல்லை என்றார்கள். மறுதேர்தல் வந்தது. அவள் இடத்தில் நான் நின்றேன். அதே வரிசையில் அதே அறுபத்து மூன்று பேரும் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்கள். இன்று பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். எதிரே வருகிறவர்கள் சிலர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காமலே மனுவை நீட்டுகிறார்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

இழந்ததைச் சொல்கிறேன். எழுதி வையுங்கள்.

வீடுகள் பதினொன்று. பசு ஒன்று, கன்றோடு. முனியம்மாவின் வலது கண். பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகள், எத்தனை என்று யாருக்கும் தெரியாது. உயிர் ஒன்று. செல்வி. இருபத்தாறு வயது.

போடாத ஓட்டு ஒன்று. அதுவும் அவளுடையது.