முதலில் கை வைப்பவன்

சேலையூரிலிருந்து நாவலூர் போக மேடவாக்கம் வழிதான் சௌகரியம், இன்ஸ்பெக்டர். 2002-இலிருந்து ஐந்து வருஷமாக ஸ்கூட்டரில் அப்படித்தான் ஆபீஸ் போய்வருகிறேன். ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை.

செருப்புத் தோல் வெட்டும் பிரஸ்ஸுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு உண்டு. அதற்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. கத்திக்குக் கீழே கை வந்தால் பிரஸ் நின்றுவிட வேண்டும். புது மாடலில் ப்ராசஸர் எந்நேரமும் தொண்ணூற்றெட்டு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் தேடினேன். வயர் சரியில்லை என்றேன், சிப் சரியில்லை என்றேன். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான கிரீஷ் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பிரஸ் ஓடினதெல்லாம் பதிவாகிற லாக் ஃபைலை முழுசா மெமரில மேப் பண்ணியிருக்கீங்க. போர்டுல அவ்ளோ இடம் இல்ல. ஒரு பக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணைப் படிக்கவே ப்ராசஸருக்கு நேரம் சரியா இருக்கு. கை வந்துச்சான்னு எப்ப பாக்கும்?"

எட்டுப் பேர் முன்னால் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் டீம் லீடர் பொறுப்பை அவனுக்குத் தரப்போவதாக அன்றைக்கே பேச்சு அடிபட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோளாறைத் திருத்தியவன்தான் பிரஸ்ஸில் முதலில் கை வைத்துக் காட்ட வேண்டும். கைக்குப் பதில் அட்டைக் குழாயை வைத்துக் காட்டினால் ஆபரேட்டர்கள் நம்பமாட்டார்கள். நான் கொண்டுவந்த வழக்கம்தான் அது. நானே ஆறு தடவை வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் சோதனை. கிரீஷ் சாப்பிடப் போனபோது, அவன் திருத்தி ஏற்றியிருந்ததை அழித்துவிட்டு என் பழைய புரோகிராமையே ஏற்றினேன். நாலு நிமிஷ வேலை. அவன் திரும்பி வந்து சட்டைக் கையை ஒழுங்காக மடித்துவிட்டுக்கொண்டான். பிரஸ்ஸை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச் என் பொறுப்பு. என் உள்ளங்கை அதன்மேல்தான் இருந்தது.

கத்தி மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் தோல் வெட்டுகிற சத்தத்தைவிடப் பெரிதாக இல்லை. அவன் வலியில் முன்னால் சரிந்தான். கத்தி மேலே போய் மறுபடி இறங்க மூன்று நொடி ஆகும். ஆபரேட்டர் சேட்டு அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தான்.

"ஆஃப் பண்ணு சார். இன்னா பாத்துகினு நிக்கற, கையி அதுமேலதான கீது."

நான் ப்ராசஸர் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டு. இரண்டாம் முறை கத்தி தலையில் இறங்கியது. அதன் பிறகு ஸ்விட்சை அழுத்தினேன்.

கொன்றது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சட்டையில் தெறித்த ரத்தத்தைக்கூடக் கழுவாமல் அன்றைக்கே சோதனை அறிக்கையை முடித்தேன். கோளாறைக் கண்டுபிடித்தவர் கிரீஷ் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். அடுத்தவன் உழைப்பில் பேர் வாங்குகிற ஆள் நான் இல்லை.