டயருக்கு நிழல்

ரப்பருக்கு வெயில் ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

என் டிராக்டர் நாற்பத்தெட்டாம் வருஷத்து மாடல். சேத்தியாத்தோப்பில் ஒரு மிராசுதார் கோழி அடைத்து வைத்திருந்ததை வாங்கிவந்து, கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் பின்பக்கம் நிறுத்தினேன். நாலு டயரும் அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவை. பாரம் அழுத்தாமல் கட்டை கொடுத்துத் தூக்கிவைத்தேன். எண்ணெய்க் கையோடு யாரையும் தொடவிடமாட்டேன். "பெத்த புள்ளையக்கூட நீங்க இப்படித் தொடச்சதில்ல" என்பாள் என் மனைவி சந்திரகலா. உண்மைதான். பிள்ளை வெயிலில் வெடிப்பு விடாது.

தார்ப்பாய் ரப்பரில் ஒட்டினால் சூடு உள்ளே இறங்கிவிடும். ஒரு முழம் தள்ளிப் பந்தல்போல நிற்கவேண்டும். ஆனால் குவார்ட்டர்ஸில் அனுமதி இல்லாமல் கம்பு நடக்கூடாது. இந்த ஃபோர்மேன் இசக்கிமுத்து இருபது வருஷத்தில் ஒரு விதியை மீறினான் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் தார்ப்பாயின் ஒரு பக்கத்தை முருங்கையில் கட்டினேன். மறுபக்கத்துக் கம்பைக் கொளஞ்சியப்பன் பிடித்துக்கொண்டான். கம்பு நட்டால் குற்றம். ஆள் நின்றால் இல்லை.

முத்தாண்டிக்குப்பத்து ஆள். ஒன்பது வருஷமாக என் செக்‌ஷனில் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆகும் பட்டியலுக்கு என் சிபாரிசு வேண்டும். சித்திரை முழுக்கக் காலை பத்துக்கு வருவான். இரண்டு மணி ஷிப்டுச் சங்கு ஊதும்வரை நிற்பான். அதற்குமேல் பக்கத்து மாமரத்து நிழல் டயருக்கு வந்துவிடும். அவன் நிழலுக்குள் வந்தால் கம்பு சாயும். ஆகவே வெளியேதான் நிற்பான்.

அன்றைக்குக் கத்திரி வெயில். பன்னிரண்டு மணி இருக்கும்.

"அய்யா, தலய சுத்துதுங்க. செத்த நெழல்ல குந்திக்கினு வரட்டுங்களா?"

"சங்கு ஊதட்டும்டே. பர்மனென்ட் ஆன பொறவு உக்காந்தே சம்பளம் வாங்கலாம்லா?"

சிரித்தான். சிரிக்கிறவனுக்கு என்ன நோவு என்று நினைத்தேன்.

ஒன்றேகாலுக்கு அவன் பெண்டாட்டி வள்ளியம்மாள் கூழோடு வந்தாள். தொட்டுப் பார்த்தவள், "சாமி, ஒடம்பு நெருப்பா கொதிக்குது, வேர்வயே காணும். ஒரு சொம்பு தண்ணி குடுங்க, வூட்டுக்கு இட்டுக்கினு போயிடறன்" என்றாள். குடத்தில் தண்ணீர் இருந்தது. அது டயரடி மண்ணை நனைக்க வைத்திருந்தது.

"இன்னும் முக்கால் மணிதாம்மா" என்றேன்.

அவனும் அவளைத்தான் அதட்டினான். "நீ போடி. பட்டியல்ல பேரு போயிடும்."

சங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விழுந்தான். பின்சக்கரத்தில் வெயில் அடித்தது. முதலில் கம்பை எடுத்தேன். அவள் கத்திக்கொண்டிருந்தாள். சங்கு ஊதும்வரை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷத்தில் எனக்கே கிறுகிறுத்துவிட்டது, சார். அப்புறம் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். வண்டி வந்தபோது மூச்சில்லை.

வள்ளியம்மாள் என்னைத் திட்டவில்லை. "பட்டியல்ல அவரு பேரு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டியல் முந்தின வெள்ளிக்கிழமையே போய்விட்டது. அவன் பேரை நான் எழுதவில்லை. பர்மனென்ட் ஆகிவிட்டால் எவன் சார் தார்ப்பாய் பிடிக்க வருவான்?