லிட்டருக்கு எத்தனை

— செருப்பை எதுக்குக் கழட்டுறீங்க? வண்டி ஓட்டப் போறீங்களா, தூங்கப் போறீங்களா?

— வெறுங்கால்ல மிதிச்சாத்தான் ஆக்ஸிலேட்டர் பதமா இறங்கும். இன்னிக்குக் கணக்கு எடுக்கிற நாளு. டேங்கை வழிய வழிய நிரப்பி, மீட்டரை ஜீரோ பண்ணியாச்சு. திரும்பி வரும்போது அதே பங்க்ல மறுபடி நிரப்பி, ஓடின கிலோமீட்டரை லிட்டரால வகுத்தா மைலேஜ் தெரிஞ்சுரும்.

— நல்லா இருக்கு. இன்னிக்குத்தானா கிடைச்சுது? ஏசியைப் போடுங்க, வேர்த்துக் கொட்டுது.

— சிக்னல் தாண்டட்டும்.

— மூணு சிக்னல் தாண்டியாச்சு. சைக்கிள்ல போறவர் நம்மளைத் திரும்பிப் பார்த்துட்டுப் போறாரு.

— பார்க்கட்டும். அங்கே சிவப்பு விழப் போவுது. இப்பவே காலை எடுத்துட்டா பதமா உருண்டு போய் நிக்கும். பிரேக்குக்கே வேலை இல்லை.

— பின்னாடி லாரிக்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கலை. ஆமா, பின் சீட்ல வச்ச என் பை எங்கே?

— வீட்டுலயே இறக்கிட்டேன். வெயிட்டு.

— நல்லா இருக்கு. எங்க அக்கா வந்தப்பவும் இப்படித்தான். கதவைத் திறக்கிறதுக்குள்ள 'நீங்க எத்தனை கிலோ'ன்னு கேட்டீங்க. அதோட அவ நம்ம வீட்டுப் பக்கமே வரலை.

— கணக்குக்குத்தான் கேட்டேன். அதுக்கேத்த மாதிரி டயர்ல காத்து அடிக்கணும்ல.

— இதை அப்படியே ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. நம்ம வக்கீலம்மா போன்ல சிரிக்கிறாங்க. விவாகரத்துக்குப் போறவங்க ரெண்டு பேரும் ஒரே கார்ல வர்றோம்னு.

— போற இடம் ஒண்ணு. ரெண்டு வண்டி எதுக்கு?

— போகும்போது சரி. வரும்போது?

— தனித்தனியா வர்றதைக் கணக்குல சேர்க்கலை.

— கொஞ்சம் அழுத்துங்க. இன்னிக்கு விட்டா அடுத்த தேதி எப்போ வருமோ.

— நான் குடிக்கிறேனா, கை நீட்டுறேனா? அப்படி என்னதான் தப்பு பண்ணிட்டேன்?

— எஞ்சின் லேசா முனகினா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டீங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து பதினாலு வருஷமாப் பேசுறேன். ஒரு வார்த்தை காதுல விழுந்திருக்கா?

— வேர்க்குதுன்னு சொன்னே. இந்தா, ஏசி போட்டுட்டேன்.

— மைலேஜ் என்னாகிறது?

— போகட்டும். அந்தக் காத்தை உன் பக்கம் திருப்பிக்கோ.

— ம்.

— இப்போ தேவலையா?

— தேவலை.

— ஆமா, என்ன இது, ரயில்வே கேட் வருது? கோர்ட்டு இதுக்கு முன்னாடி இல்லே?

— முன்னாடிதான். தாண்டி வந்துட்டோம்.

— உன்கூடப் பேசிட்டே வந்ததுல கவனிக்கலை. நீ பார்த்தியா?

— பார்த்தேன். வக்கீலம்மா வாசல்லதான் நின்னாங்க. கையைக்கூட ஆட்டினாங்க.

— அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்களே.