கார்குழலிக்கு வந்த வரன்கள்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. கொண்டுவந்த பெண் காவலர் வேலைக்குப் புதிது போலிருக்கிறது. டம்ளரின் வாயைப் பிடித்துக் கொடுத்தார். குறையாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால் ஆயுசுக்கும் மறக்காது. ஆட்களைத் திட்டுகிற முதலாளிகள்தான் அதிகம், பழக்குகிறவர்கள் குறைவு. நான் இருபத்திரண்டு வருடமாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் சுடலைராஜ். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் புடவைக்கடை, சுடிதாரும் உண்டு, ஒன்பது பேர் வேலை. எழுதுகிற தம்பி நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

எழிலன் கொடுத்த புகாரைப் பற்றிக் கேட்டீர்கள். அதைக் கார்குழலியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

தொண்ணூற்றெட்டு தை மாதம் அவள் வேலை கேட்டு வந்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. அப்பா இல்லை. அம்மா கன்னியம்மா ரயில்வே காலனியில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். வேலை கேட்டு வருகிற யாரிடமும் நான் படிப்பைக் கேட்பதில்லை. ஒரு புடவையைப் பிரித்துப் போட்டு மடிக்கச் சொல்லுவேன். பாதிப் பேர் மடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களை அனுப்பிவிடுவேன். இவள் புடவையைப் பார்த்தாள். மடித்து முடித்துவிட்டு, "இன்னா அண்ணாச்சி, முந்தானை ஓரத்துல ஒரு இழை வுட்டுக்கீது. தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?" என்றாள்.

தெரிந்தேதான் கொடுத்திருந்தேன். அதற்கு முன் அந்த இழையைக் கண்டுபிடித்தவர் யாருமில்லை. அன்றே சேர்த்துக்கொண்டேன்.

மூன்று வருடம் பழக்கினேன். வாசலில் செருப்பை விடும்போதே எந்த அம்மாள் வாங்குவாள், எந்த அம்மாள் ஃபேன் காற்றுக்கு வந்திருக்கிறாள் என்று கண்டுபிடிப்பது எப்படி. மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால் யாரைப் பார்த்துப் புடவையை விரிப்பது. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டாகப் பிடித்துக்கொள்ளுவாள். காலடிப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்து, "குழலி கீதா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் திரும்பிப் போகிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கடைக்குப் பெயர்ப்பலகையே தேவையில்லை என்ற நிலை.

இப்போது ஒரு விஷயத்தை நீங்கள் யோசிக்க வேண்டும். அவளுக்கு முன்னால் பதினாறு பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தேன். பதினாறு பேரையும் கல்யாணம் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போனேன், சாப்பிட்டேன், மிக்ஸி கொடுத்தேன், திரும்பி வந்து பதினேழாவது தடவையாக இன்னொருத்திக்குக் கொசுவம் மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். தையும் ஆவணியும்தான் எங்களுக்கு வியாபாரம். அதே மாதங்களில்தான் என் ஆட்களும் மாலை மாற்றிக்கொண்டு போவார்கள். ஊரார் கல்யாணமெல்லாம் எனக்கு வரும்படி, என் கடைப் பெண்களின் கல்யாணம் மட்டும் நட்டம்.

முதலில் கல்யாணம் இல்லை, ஒரு கடிதம்தான் வந்தது. தி. நகரில் ஒரு பெரிய கடைக்கு அவள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். போர்டு வீட்டில் தபால் தொலைந்துபோகும் என்று நம் கடை விலாசத்தைக் கொடுத்திருக்கிறாள். நேர்முகத்துக்கு வரச் சொல்லிப் பதில். அடுத்தவர் கடிதத்தைக் கிழிப்பது தப்பு. நான் கிழிக்கவில்லை. என் மேசையின் அடி இழுப்பறையில் கசங்காமல் இருக்கிறது, நீங்கள் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். கொடுக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான். தினமும் மறந்தேன்.

இரண்டாயிரத்தில் முதல் வரன். பெரம்பூரில் ரயில்வே பட்டறைப் பையன். பெண்ணைப் பற்றி விசாரிக்க அவனுடைய அப்பாவும் அத்தையும் கடைக்கே வந்தார்கள். வேலை செய்கிற இடத்தில் கேட்டால் உண்மை தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான்.

உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். "தங்கமான பிள்ளை. ஒரு நாள் நேரம் தப்பி வந்ததில்ல. அதிர்ந்து பேசாது. இப்ப மாத்திரையக்கூட நிப்பாட்டியாச்சுன்னு கேள்வி" என்றேன்.

"இன்னா மாத்திரை?" என்றாள் அத்தை.

"அது ஒண்ணுமில்ல. நல்லபடியா முடிங்க."

கலரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். யோசித்துப் பாருங்கள், நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என்ன மாத்திரை என்று சொன்னேனா? அவளுக்கு அப்போதுதான் காய்ச்சல் வந்து போயிருந்தது.

அடுத்த வருடம் திருவொற்றியூரில் ஒரு டயர் கம்பெனி மாப்பிள்ளை. அவன் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தம்பிக்குப் பொறுமை உண்டுமா?" உண்டு என்றாள். "அப்பம் கவலையே இல்ல" என்றேன். அந்த வரனும் நின்றது.

ஒவ்வொன்றும் தட்டிப்போனபோது கார்குழலி இரண்டு நாள் முகம் வாடியிருப்பாள். நான்தான் ஆறுதல் சொல்லுவேன். "உனக்குன்னு ஒருத்தன் எங்கயும் போயிரமாட்டான்மா" என்பேன். சம்பளத்தையும் கூட்டுவேன். அதை எந்த முதலாளி செய்வார்?

இனி எழிலன். கட்டுப் பிரித்து அடுக்குகிற வேலைக்கு அவன் வந்தான். புளியந்தோப்புப் பையன், இருபத்தேழு வயது, குரல் உயராது. வந்த புதிதில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், எந்தப் புடவை எந்த அடுக்கில் என்று கார்குழலி கேட்பதற்கு முன்னால் அவன் எடுத்துக் கொடுக்கிறான். அதை நான் பழக்கவில்லை. இரண்டாயிரத்திரண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை இரண்டு பேரின் காய்ச்சலும் மகாபலிபுரத்து வெயிலில் கறுத்துப்போய் வந்து நின்றது.

பத்து நாள் கழித்து இருவரும் சேர்ந்து என் முன்னால் நின்றார்கள். ஆவணியில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம், வியாசர்பாடியிலேயே சின்னதாக ஒரு கடை போடப் போகிறோம், அண்ணாச்சி ஆசீர்வாதம் வேண்டும் என்றார்கள். ஆசீர்வாதம் செய்தேன். அதிலும் குறை வைக்கவில்லை.

எங்கள் தெருவில் எல்லாக் கடைகளிலும் சாத்துகிற நேரத்தில் ஆட்களின் பையைப் பார்ப்பது வழக்கம். எங்கள் கடையில் அதை நான் செய்வேன். அந்த வெள்ளிக்கிழமை, இடுப்பு வலி என்று சொல்லிக் கார்குழலியைப் பார்க்கச் சொன்னேன். மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, எழிலனின் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் இரண்டு பட்டுப்புடவைகளை நான் வைத்திருந்தேன். ஆமாம் அம்மா, நான்தான் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. ஒன்று அரக்கு, ஒன்று மயில் கழுத்துக் கலர்.

அவள் சிரித்துக்கொண்டேதான் அவன் பையைத் திறந்தாள். கையை உள்ளே விட்டவள் புடவையைத் தொட்டதுமே நிறுத்திவிட்டாள். பார்க்காமலே பட்டு என்று அவளுக்குத் தெரியும், அப்படிப் பழக்கியிருந்தேன். எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"குழலி, எனுக்கு இது தெரியாது" என்றான் எழிலன்.

அவள் புடவைகளின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"நீயுமா நம்புற?"

அவள் பையை மூடி அவன் பக்கம் தள்ளினாள். எனக்கு ஒரு பக்கம் பாவமாகத்தான் இருந்தது. அதனால் போலீசுக்குச் சொல்லவில்லை. "போப்பா, போயி நல்லாயிரு" என்று அனுப்பிவிட்டேன். தெருவில் மற்ற கடைக்காரர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். தொழிலில் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்வது மரியாதை. அவனுக்கு எந்த ஜவுளிக்கடையிலும் வேலை கிடைக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் போய்ச் சேர்ந்திருக்கிறான். அங்கே இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது என்கிறார்கள். ஆளைப் பழக்காமல் சங்கிலியைக் கையில் கொடுத்தால் அப்படித்தான். அதற்கு அந்த யார்டுக்காரர்தான் பொறுப்பு.

அதன் பிறகு இரண்டு வருடம் கார்குழலி வேலை பார்த்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். மனசு உடைந்தவர்கள் லீவு கேட்பதில்லை. போன வருடம் கன்னியம்மா அழுது பிடித்து எண்ணூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். விசாரிக்க வந்தவர்களிடம் நான் பேசவே இல்லை. ஒரு பெருமூச்சு விட்டேன். பெருமூச்சுக்கு எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது, சொல்லுங்கள்.

எல்லாம் கெட்டது ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அந்தப் பெரம்பூர் அத்தை பந்தியில் கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ரசம் ஊற்றும்போது, "பொண்ணு இன்னும் அந்த மாத்திரைதான் துன்னுதா?" என்று விசாரித்திருக்கிறாள்.

கன்னியம்மா வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. கார்குழலி மறுநாள் எப்போதும்போல ஒன்பதுக்கு வந்தாள், வணக்கம் சொன்னாள், சாயங்காலத்துக்குள் பத்தொன்பது புடவை விற்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் புதன்கிழமை லீவு கேட்டாள். ஏழு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட இரண்டாவது லீவு. கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை, மதிய வெயிலில் கடையில் ஈ ஆடாத நேரத்தில், ஒரு பெண்மணி வந்தாள். ரமாபாய் என்று பெயர் சொன்னாள். கையில் மஞ்சள் பை. "எங்க தம்பிக்கு உங்க கட குழலியப் பாத்துகினு கீறோம். நாலு வார்த்தை கேட்டுகினு போலாம்னு வந்தேன் அண்ணாச்சி" என்றாள்.

கலர் வாங்கிக் கொடுத்தேன். மாத்திரையைச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். பொறுமையைக் கேட்டேன். அதற்கும் சும்மா இருந்தாள். பெருமூச்சு விட்டேன். அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு ஆள் பேசாமல் இருந்தால், அந்த இடைவெளியை நிரப்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

"முன்னயும் ஒருத்தன் இந்தப் பிள்ளையச் சுத்திக்கிட்டுக் கெடந்தான். நாந்தான் தள்ளிவிட்டேன், பாத்துக்கிடுங்க" என்றேன்.

"அய்ய, லவ்வு பண்றவன் அவ்ளோ லேசுல போவானா? எப்டி அனுப்பினீங்க?"

சொன்னேன். டிபன் பாக்ஸைச் சொன்னேன், அரக்கையும் மயில் கழுத்தையும் சொன்னேன், இடுப்பு வலியையும் சொன்னேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத விஷயம். நல்ல வேலை செய்த ஒரு மனிதனுக்கு அதைப் பாராட்ட ஒருவராவது வேண்டாமா? அந்த அம்மாள் அவ்வளவு அழகாகக் கேட்டாள்.

சுடிதார் போட்டுப் பார்க்கிற அறையின் திரை விலகியது. பின்வாசல் வழியாக எப்போது வந்தாளோ, கார்குழலி நின்றாள். அவளுக்குப் பின்னால் எழிலன், இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு. ரமாபாய் அவனுடைய அக்காவாம். மாத்திரையைக் கேள்விப்பட்டதும் அந்தப் பையையும் சந்தேகப்பட்டு, குழலியே அவர்களைத் தேடிப் போயிருக்கிறாள். மஞ்சள் பையிலிருந்து டேப்ரெக்கார்டரை எடுத்து அணைத்தாள். காலையில் நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். என் குரல் இவ்வளவு இதமானது என்று எனக்கே தெரியாது.

புடவையை விரித்துக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள், வாங்குகிறவள் தானாகப் பேசுவாள் என்று கார்குழலிக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது நான்தான். அவள் அதை ரமாபாய்க்கு ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்கு மூன்று மாதம் ஆகும் வேலை. அந்த நிமிஷத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

அவள் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, அன்னிக்கி அந்தப் பையை ஏன் என்னாண்ட தொறக்கச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வேற யாரு எடுத்திருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டம்மா" என்றேன். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுவதுதானே மரியாதை.

அவள் எழிலன் பக்கம் திரும்பினாள். பேன்ட் பைக்குள் இருந்த அவன் இடது கையைப் பார்த்தாள். அவன்தான் சொன்னான்: "வுடு குழலி. அந்தாளு வச்சது ரெண்டு பொடவை. நம்புனது நீ." கோபமாகச் சொல்லவில்லை. நாள், கிழமை சொல்லுகிற மாதிரி சொன்னான். பிறகு கதவை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் முதலில் வெளியே போகட்டும் என்று. மூன்று பேரும் நேராக இங்கே வந்துவிட்டார்கள்.

அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களாம், ஆனால் கல்யாணப் பேச்சை இன்னும் எடுக்கவில்லையாம். நான் விசாரித்த அளவில் அப்படி. தகவலுக்காகச் சொல்லுகிறேன்.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஒரு ஆளை மட்டும் நம்பிக் கடையை நடத்தியிருக்கக் கூடாது. பக்கத்திலேயே இன்னொருத்தியையும் பழக்கியிருக்க வேண்டும். அது என்னுடைய பெரிய தவறு, எந்தச் சின்ன வியாபாரிக்கும் பாடம். மற்றபடி கடிதத்தை மறைத்தது நான், மூன்று வரனைத் திருப்பியது நான், புடவையை வைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் தம்பி சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். 'வேலையை விட்டு விலகிய கார்குழலி' என்று வாக்குமூலத்தில் இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். அவள் என்னிடம் விலகல் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. லீவில் இருக்கிறாள் என்றுதான் பதிவேட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.